உதட்டில் கொஞ்சம் ஈரம்

போடிமெட்டு ஏறுகிற ஜீப்புகளில் பின்படியோரம் ஒரு முட்டுக்கட்டை கிடக்கும். முக்கோணமாகச் செதுக்கி, தேய்ந்து கறுத்துப்போன மரத்துண்டு. சரிவில் வண்டி நின்றதும் நிற்காததுமாக, பின்னால் தொத்திக்கொண்டு வரும் பையன் குதித்து அதைச் சக்கரத்தடியில் திணிப்பான். அப்புறம்தான் டிரைவர் பிரேக்கிலிருந்து காலை எடுப்பார். சிலமலையில் வளர்ந்த எனக்கு, ஜீப் என்றால் முட்டுக்கட்டையும் சேர்த்துத்தான். ஸ்டெப்னி மாதிரி அதுவும் கம்பெனியே கொடுத்தனுப்புகிற சாமான் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். கைபிரேக் என்று ஒன்று இருப்பது பிற்பாடு தெரிந்து, அது எதற்கென்று கேட்டபோது, "எஃப்.சி.க்குப் போறப்பக் காட்டணும்ல, அதுக்கு" என்றார் டிரைவர் மாமா ஒருவர்.

கைபிரேக் ஏன் பிடிக்கவில்லை என்ற கேள்விக்கு விடை தெரிய எனக்கு நாற்பது வயதாக வேண்டியிருந்தது. விடை, பெருவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து வளைத்தால் அடங்கிவிடும் ஒரு ரப்பர் வளையம்.

பழைய ஜீப்பின் கைபிரேக் சக்கரத்தில் கிடையாது. வண்டியின் நடுவயிற்றில், ட்ரான்ஸ்ஃபர் கேஸின் பின்புறம், ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் புறப்படும் இடத்தில் ஒரு டிரம். கைப்பிடியை இழுத்தால் உள்ளே இருக்கும் ஷூ விரிந்து அந்த டிரம்மைப் பிடிக்கும். ஷாஃப்ட் நின்றால் சக்கரமும் நிற்கும். பின் ஆக்ஸிலின் பல்விகிதம் அந்தப் பிடியை நாலைந்து மடங்காக்கிச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் என்பதால் யோசனை நல்ல யோசனைதான். ஒரே ஒரு வில்லங்கம். அந்த டிரம்முக்குச் சற்று முன்னால், அதே ஷாஃப்டைச் சுற்றித்தான் ட்ரான்ஸ்ஃபர் கேஸின் பின் ஆயில் சீல் உட்கார்ந்திருக்கிறது. அது கசிந்தால் எண்ணெய் போய்ச் சேரும் முதல் இடம் பிரேக் டிரம். தொண்ணூறாம் நம்பர் கியர் ஆயிலில் ஊறிய ஷூ எதைப் பிடிக்கும்?

ட்ரான்ஸ்ஃபர் கேஸ் என்பது கியர்பாக்ஸின் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும் வார்ப்பிரும்புப் பெட்டி. கியர்பாக்ஸ் கொடுக்கும் சுற்றை வாங்கி முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் பங்கு வைப்பது அதன் வேலை. லோ போட்டால் சுற்றைக் குறைத்து இழுவையைக் கூட்டும். இரண்டாம் உலகப்போர்க் காலத்து வில்லிஸ் ஜீப்பில் இருந்தது ஸ்பைசர் 18 என்ற பெட்டி. 1947இல் மகிந்திராக்காரர்கள் பம்பாயில் வில்லிஸ் ஜீப்பைக் கோத்து விற்கத் தொடங்கினார்கள். அந்தப் பெட்டியும் அதன் வம்சமும் ஏலமலைக்கு வந்து சேர்ந்த வழி அது. ஒரு காலத்தில் மூணாறுத் தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்கு ரோப்வேயில் இறங்கியது. டாப் ஸ்டேஷன்வரை அதைக் கொண்டுவந்த குட்டி ரயில் 1924 வெள்ளத்தோடு போயிற்று. அதற்கப்புறம் மலைக்கு ரோடு வந்த இடமெல்லாம் லாரி, ரோடு வராத இடமெல்லாம் ஜீப். விடிவதற்கு முன் போடியிலும் தேவாரத்திலும் தூக்குவாளியோடு பெண்கள் ஏறி நெருக்கியடித்து உட்கார, ஏலத்தோட்டங்களுக்குக் கிளம்பும் ஜீப்புகளை இன்றைக்கும் பார்க்கலாம். கொழுக்குமலை நம் போடி தாலுகாவில்தான் இருக்கிறது. ஆனால் வண்டியில் போக வேண்டுமானால் கேரளத்துச் சூரியநெல்லியைச் சுற்றித்தான் போக வேண்டும், அந்தக் கல்லுப்பாதையிலும் ஜீப் மட்டுமே ஏறும்.

என் வண்டி அப்படியொரு கிழட்டு ஜீப். ஒரே வருஷத்தில் இரண்டு முறை, இரண்டு பட்டறைகளில், பின் சீல் மாற்றினேன். இரண்டு முறையும் மூன்று வாரம் தாங்கியது. மூன்றாவதாகப் போன இடம் பெயர்ப்பலகைகூட இல்லாத ஒரு தகரக்கொட்டகை. எழுபதை நெருங்கும் மெக்கானிக், சாக்கை விரித்து வண்டிக்கடியில் மல்லாந்து படுத்தார். பின் சீலை அவர் பார்க்கவே இல்லை. கியர்பாக்ஸின் லெவல் பிளக்கைக் கழற்றிச் சுண்டுவிரலை உள்ளே விட்டு எடுத்தார். விரல் நுனியில்கூட எண்ணெய் இல்லை. அடுத்து ட்ரான்ஸ்ஃபர் கேஸ் பிளக்கைத் திருகினார். கருப்பட்டிப் பாகு மாதிரி எண்ணெய் கொட்டி அவர் முழங்கைவரை வழிந்தது.

"பின்னாடி ஒழுகுனா பின் சீலத்தான் மாத்துவாக. எல்லாரும் அதத்தான் செய்வாக. முன்னாடி பெட்டியில எண்ணெ எம்புட்டு இருக்குன்னு எவனாச்சும் பாத்தானா தம்பி?"

"பாக்கலண்ணே" என்றேன். நான் மட்டும் பார்த்தேனா என்ன.

கியர்பாக்ஸுக்கும் ட்ரான்ஸ்ஃபர் கேஸுக்கும் நடுவில், மெயின் ஷாஃப்ட் கடந்துபோகும் இடத்தில் ஒரு சீல் உண்டு. இந்த வம்சத்தில் ஆரம்பகாலத்துச் சில பெட்டிகளில் அது கிடையாது, இரண்டும் ஒரே எண்ணெயைப் பகிர்ந்துகொள்ளும். என் வண்டியில் இருந்தது. ஆனால் காய்ந்து, வெடித்து, பெயருக்கு இருந்தது. ஏற்றத்தில் வண்டி மூக்கைத் தூக்கும்போதெல்லாம் கியர்பாக்ஸ் எண்ணெய் அந்த வழியே பின்னால் இறங்கியிருக்கிறது. பின்பெட்டி அளவுக்கு மேல் நிரம்பி, புதுச் சீலை முங்கடித்து, பிரேக் டிரம்மில் வழிந்திருக்கிறது. நானோ சொட்டு விழுந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஓட்டுவீட்டில் குடியிருந்தவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். மழைச்சொட்டு விழும் இடத்துக்கு நேர்மேலே ஏறிப் பார்த்தால் ஓடு நன்றாக இருக்கும். நாலு ஓடு தள்ளி உடைந்திருக்கும், தண்ணீர் ரீப்பர் வழியாக ஓடிவந்து இங்கே சொட்டும்.

பெட்டியை இறக்குவது ஒரு பகல் வேலை. பின்புறம் உள்ள மூடியைத் திறந்து, மெயின் ஷாஃப்ட் நட்டின் காட்டர் பின்னை உருவி, நட்டைக் கழற்றி, கியரைப் புல்லர் போட்டு இழுத்தால்தான் பெட்டி பிரியும். அப்போது ஷாஃப்டும் கூடவே பின்னால் நழுவிவிட்டால் கியர்பாக்ஸுக்குள் ஊசி ரோலர்கள் கொட்டிப்போகும், ஒரு பகல் வேலை ஒரு வார வேலையாகும். பெரியவர் ஷாஃப்டைக் கட்டுக்கம்பியால் இழுத்துக் கட்டிவிட்டுத்தான் கியரில் கை வைத்தார். பெட்டி தரைக்கு வந்ததும் பழைய சீல்களை வரிசையாகச் சாக்கின்மேல் வைத்தார். பின்னது, முன்னது, நடுவில் உள்ளது, கியர் கம்பிகள் இரண்டு வெளியே வரும் இடத்தில் சட்டைப் பித்தானைவிடக் கொஞ்சம் பெரிதாக இரண்டு. மொத்தம் ஐந்து. கம்பி சீல்களை யாரும் கண்டுகொள்வதில்லை. கம்பியின் நீட்டிய பகுதியில் துருவும் சேறும் ஏறியிருக்கும். லீவரைத் தள்ளும் ஒவ்வொரு தரமும் அந்தத் துரு சீலை அரம்போல ராவிக்கொண்டு உள்ளே போய்வரும்.

சீல் வாங்கக் கிளம்பும்போது ஒன்றைக் கவனித்தேன். எங்கள் ஊர் ஏலக்காயைச் சல்லடை போட்டு, எட்டு மில்லி, ஏழு மில்லி என்று பிரித்து விலை பேசுகிற ஊர். ஸ்பைசஸ் போர்டின் மின்னேலம் போடியில் நடக்கிறது; அரை மில்லி வித்தியாசத்துக்கு என்ன விலை என்று ஏலத்துக்கு வருகிறவருக்குத் தூக்கத்திலும் தெரியும். அதே ஆள் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் நின்று "ஜீப்புக்குப் பின் சீல் ஒண்ணு குடுங்க" என்பார். உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் என்று மூன்று எண் சீலின் முகத்திலேயே அச்சடித்திருக்கும். யாரும் படிப்பதில்லை. நானும் அதுவரை படித்ததில்லை.

எண் முக்கியம், ஏனென்றால் வில்லிஸ் வம்சம் அங்குலத்தில் பிறந்தது. இரண்டரை அங்குலக் குழி என்றால் 63.5 மில்லிமீட்டர். அங்குல சீல் கையிருப்பில் இல்லாத கடைக்காரர் "இதுவும் சேரும்ணே" என்று மில்லி சீலை நீட்டுவார். 63 உட்காராமல் ஆடும். 65 உள்ளே போகாது. ஆடுகிற சீலைச் சுற்றித் தகரத்தை மடித்து, அனபாண்ட் பசையைப் பூசி, காயவைத்துப் பூட்டிய வேலைகளைப் பார்த்திருக்கிறேன். மேலே திருநீறு பூசினாற்போல வெள்ளையாக இருக்கும், அழகாகத்தான் இருக்கும். வெளிவிட்டம் குழியைவிட ஒரு மயிரிழை கூடுதலாக இருந்து, தட்டி இறக்கும்போது இறுகிக்கொள்வதுதான் சீலுக்குப் பிடிமானம். அதைப் பசை தராது.

அப்புறம் ரப்பர். சாதாரண சீல் நைட்ரைல். சுமார் நூறு டிகிரிவரை தாங்கும். வைட்டான் இருநூறுவரை தாங்கும், விலையும் அதற்கேற்றபடி. "காசு போனாப் போகுது, வைட்டானே போட்டுருவோம்" என்றேன். பெரியவர் சம்மதிக்கவில்லை. மலையேறும் ஜீப்பின் பெட்டி அந்தச் சூட்டை எட்டுவது அபூர்வம். பெட்டிக்குத் தேவை, ஷாஃப்டைச் சுற்றி அணையும் ரப்பர் உதடு போக வெளிப்பக்கம் இன்னொரு சின்ன உதடு உள்ள இரட்டை உதட்டு சீல், தூசியும் சேறும் உள்ளே வராமல் தடுக்க. இரண்டு உதட்டுக்கும் நடுவில் கொஞ்சம் கிரீஸ். அவ்வளவுதான். எனக்கும் இப்போது அதுதான் கருத்து. விலை உயர்ந்த சீலைத் தேய்ந்த ஷாஃப்டில் போடுவது, கரை உடைந்த கண்மாய்க்கு மதகை மட்டும் புதுசாக வைப்பது.

ஷாஃப்டின் தேய்மானத்தை அவர் நகத்தால்தான் பார்த்தார். ஷாஃப்ட் நுனியில் ஏறி ப்ரொப்பல்லர் ஷாஃப்டைக் கோக்கும் யோக்கின் கழுத்தில், சீலின் உதடு உரசும் இடத்தில் பெருவிரல் நகத்தைக் குறுக்கே இழுத்தார். பள்ளத்தில் நகம் தட்டி நின்றது. என் விரலைப் பிடித்து என்னையும் இழுக்கச் சொன்னார். ரப்பர் இரும்பைத் தின்றிருக்கிறது. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். இங்கே எறும்பு, உதட்டடியில் சிக்கிக்கொண்ட மண் துகள். வழிகள் மூன்று. புது யோக் போடலாம். கழுத்தின்மேல் மெல்லிய எஃகு உறை மாட்டலாம். கால் மில்லிமீட்டரை ஒட்டிய தடிமன்தான் இருக்கும். அல்லது சீலை ஒரு மில்லி முன்னே பின்னே தள்ளி இறக்கி, உதடு புது இடத்தில் உரசும்படி செய்யலாம்.

நாலாவது வழியும் உண்டு, நான் அதைத்தான் முதலில் சொன்னேன்: லேத்தில் கொடுத்து ஒரு வெட்டு எடுத்துவிட்டால் என்ன? அவர் சிரித்தார். லேத் உளி பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே வெட்டும். கண்ணுக்குப் பளபளவென்று இருக்கும் பரப்பில், திருகாணியில் இருப்பதுபோல மிக நுண்ணிய மரை விழுந்திருக்கும். ஷாஃப்ட் சுற்றும்போது அந்த மரை எண்ணெயை வெளியே திருகிக்கொண்டு வரும், சீல் எவ்வளவு நல்லதாக இருந்தாலும். சுற்றும் ஷாஃப்டில் எமரித் தாளைப் பிடித்துப் பக்கவாட்டில் இழுத்தாலும் இதே கதை. கிரைண்டிங் சக்கரம் பக்கவாட்டில் நகராமல் நேராக இறங்கித் தேய்த்த பரப்புதான் சீலுக்கு ஆகும். கண்ணாடிபோல இழைத்தாலும் ஆகாது. எண்ணெய் தங்க மிக மெல்லிய சொரசொரப்பு வேண்டும்.

எண்ணெய் தங்க வேண்டுமா? தங்காமல் தடுப்பதற்குத்தானே சீல்?

ஆயில் சீல் என்றால் நெருக்கி அடைக்கும் கதவு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இங்கிலாந்தில் ஜாகர் என்ற ஆய்வாளர் 1957இல் வெளியிட்ட கட்டுரை அந்த எண்ணத்தைக் கலைத்தது. சுற்றும் ஷாஃப்டுக்கும் ரப்பர் உதட்டுக்கும் நடுவில் எப்போதும் ஓர் எண்ணெய்ப் படலம் இருக்கிறது. தடிமன், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற கணக்கில் இருக்கும். உதடு ஷாஃப்டைத் தொடுவதில்லை என்றே சொல்லலாம், எண்ணெயைத்தான் தொடுகிறது. ஏன் அந்த எண்ணெய் வெளியே வழிவதில்லை? உதட்டின் இரண்டு பக்கச் சரிவும் ஒரே மாதிரி இல்லை. எண்ணெய்ப் பக்கம் செங்குத்து, காற்றுப் பக்கம் சாய்வு. ஓடிப் பழகிய ரப்பரின் நுண்ணிய மேடுபள்ளங்கள் அந்தச் சரிவுக்கேற்ப வளைந்து, வெளியே வரப்பார்க்கும் எண்ணெயை ஓயாமல் உள்ளே தள்ளிக்கொண்டிருக்கின்றன. சீல் ஒரு பம்பு. அதனால்தான் முன்பின் மாற்றி மாட்டிய சீல், சும்மா கசியாமல், வேலைமெனக்கெட்டு எண்ணெயை வெளியே இறைக்கிறது. ஸ்பிரிங் தெரியும் முகம் எண்ணெயைப் பார்த்திருக்க வேண்டும் என்று பட்டறையில் முதல்நாள் சொல்லிக்கொடுக்கும் பாடத்துக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

ஈரம் இல்லாவிட்டால் இது எதுவும் நடக்காது. காய்ந்த உதட்டோடு மாட்டிய சீல் முதல் சில நிமிஷத்திலேயே கருகிவிடும். பெரியவர் ஒவ்வொரு சீலையும் மாட்டுமுன் ஆள்காட்டி விரலை எண்ணெயில் தொட்டு உதட்டைச் சுற்றி ஒரு தரம் தடவினார். பிறந்த குழந்தைக்குச் சேனை வைக்கிற மாதிரி இருந்தது, அந்த நிதானமும்கூட.

இதைப் புதுக் கண்டுபிடிப்பு என்று சொல்ல முடியவில்லை. கமலை இறைத்த தலைமுறைக்குத் தோலின் குணம் தெரியும். சாலின் அடியில் தைத்த தோல்வால் கோடையில் சும்மா கிடந்தால் விறைத்துப் பிளக்கும். நனைத்து, எண்ணெய் காட்டி வைத்தால்தான் அடுத்த இறைப்புக்கு உதவும். வீட்டு அடிபம்பில் தண்ணீர் ஏறாவிட்டால் மேலே ஒரு செம்பு தண்ணீர் ஊற்றி அடிப்போம், உள்ளே காய்ந்துகிடக்கும் வாஷர் நனைந்து விரிய. இந்தியா மார்க் டூ அடிபம்பிலும் முதலில் தோல் வாஷர்தான். 1980களில் கோவை வட்டாரக் கிராமங்களில் உலக வங்கியும் யு.என்.டி.பி.யும் சேர்ந்து நடத்திய கள ஆய்வில்தான் நைட்ரைல் வாஷர் தோலைவிட வெகுகாலம் உழைக்கிறது என்று தெரிந்தது. அதே நைட்ரைல்தான் இப்போது என் ஜீப்பில். வண்டிகளின் கதையும் தோலில்தான் தொடங்குகிறது. ஜெர்மனியில் வைன்ஹைம் ஊரின் ஃபிராய்டன்பெர்க், 1849 முதல் தோல் பதனிட்டுவந்த குடும்பக் கம்பெனி. 1929இன் வியாபார முடக்கத்தில் தோலுக்கு வேறு பிழைப்புத் தேடியபோது கையில் எடுத்தது தோல் சீல். வால்ட்டர் சிம்மர் என்ற பொறியாளர் பெயரால் சிம்மரிங் என்று அழைக்கப்பட்ட சீல் அங்கிருந்து வந்தது. 1930களிலேயே தோல் போய்ச் செயற்கை ரப்பர் வந்தது. தோலாக இருந்தபோதும் ரப்பரான பிறகும் ஈரம் கேட்பது மட்டும் மாறவில்லை.

பெரியவர் பூட்டிய விதத்தில் மூன்று காரியம் கண்ணிலேயே நிற்கிறது. சீலின் உள்பக்கத்துச் சுருள் ஸ்பிரிங்கின் பள்ளத்தைக் கிரீஸால் நிரப்பினார். இல்லாவிட்டால் சுத்தியல் அதிர்ச்சியில் ஸ்பிரிங் துள்ளி விழுந்துவிடும், விழுந்தது வெளியே தெரியாது. பழைய பேரிங்கின் வெளிவளையத்தைச் சீல்மேல் வைத்து, குறுக்குக்குறுக்காகத் தட்டி இறக்கினார். சாய்ந்து உட்கார்ந்த சீலுக்கு உதடு ஒருபக்கம் அழுந்தும், மறுபக்கம் தொங்கும். இன்னொன்று, ஷாஃப்டின் பல்வெட்டுக்கு மேல் ஒரு பால் கவரைச் சுற்றிவிட்டு, அதன்மேல்தான் சீலை ஏற்றினார். பல்வெட்டின் கூர்முனை உதட்டில் இழுத்துவிடும் கீறல் கண்ணுக்குத் தெரியாது, எண்ணெய்க்குத் தெரியும். ஏறியதும் கவரை உருவி, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

யோக்கின் உட்பல்வெட்டு வழியாகவும் எண்ணெய் ஊர்ந்து நட்டுக்கடியில் வெளியே வரும். பார்த்தால் சீல் ஒழுகுவதுபோலவே இருக்கும். வாஷருக்கடியில் மட்டும் அனபாண்ட் ஒரு பொட்டு. அவர் கையால் அனபாண்ட் பட்ட ஒரே இடம் அதுதான். பின் மூடியில் ஷிம் என்ற மெல்லிய தகடு இருந்த இடத்தில் ஷிம்மைத்தான் வைத்தார். அங்கே ஷாஃப்டின் முன்பின் ஆட்டம் அங்குலத்தில் ஆயிரத்தில் நாலிலிருந்து எட்டுப் பங்குக்குள் இருக்க வேண்டும். பேரிங் தேய்ந்து ஷாஃப்ட் ஆடினால் உதடு அதன் பின்னாலேயே ஓடிக்கொண்டிருக்க முடியாது.

கடைசியில் ப்ரீதர், பெட்டியின் மூச்சுத்துளை. சேறு அடைத்துக் கல்லாகியிருந்தது. அடிவாரத்து முந்தலில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் மெட்டில் போய்ப் பார்த்தால் பலூனாக உப்பியிருக்கும். போடியிலிருந்து மெட்டுக்கு ஆயிரம் மீட்டர் உயரம் கூடுகிறது, வெளிக்காற்றின் அழுத்தம் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது. பெட்டியோ உழைத்துச் சூடேறியிருக்கும். மூச்சுத்துளை அடைத்திருந்தால் உப்பிய காற்று சீலின் உதட்டைத் தூக்கிக்கொண்டு எண்ணெயோடு வெளியேறும். இறங்கும்போது பெட்டி குளிர்ந்து, மழைத்தண்ணீரை அதே உதட்டு வழியே உறிஞ்சும். ஏலமலையில் எண்ணெய் மோர் நிறத்துக்கு வருவது அப்படித்தான். பெரியவர் ப்ரீதரை மண்ணெண்ணெயில் போட்டுவைத்து, ஊசியால் குத்தி, வாயில் வைத்து ஊதிப் பார்த்தார்.

மறுநாள் காலை பத்து ரூபாய் அகலத்தில்கூடத் தரையில் கறை இல்லை. உதட்டோரம் மட்டும் வியர்த்த மாதிரி ஒரு பளபளப்பு. "இது ஒழுகுதாண்ணே?" என்றேன். விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, துடைக்காமலே எழுந்துபோனார்.

அந்த வாரமே மலையேறினேன். மெட்டுக்கு முந்தைய வளைவில், பனி இறங்கும் சரிவில் டீக்கடையோரம் நிறுத்தி, கியரை நியூட்ரல் ஆக்கி, கைபிரேக்கை இழுத்து, பிரேக்கிலிருந்து மெதுவாகக் காலை எடுத்தேன். வண்டி ஓர் அங்குலம் நகரவில்லை. திரும்பிப் பார்த்தால், கூட வந்த அக்கா மகன் ஏற்கெனவே கீழே குதித்து, முட்டுக்கட்டையைப் பின்சக்கரத்தடியில் வைத்துக் காலால் மிதித்துக்கொண்டிருந்தான். "பிரேக் பிடிக்குதுடா" என்றேன். "தெரியும் மாமா" என்று இன்னொரு மிதி மிதித்துவிட்டு டீ சொல்லப் போனான்.